குங்கிலியம் பூசிய கார்

இருளாண்டிக்குப் பெண் கொடுக்கக் கூத்தையாவுக்கு இருந்த ஆட்சேபணை ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய இடது தோள்.

பையன்மேல் குறை சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. குடிக்க மாட்டான், வம்புதும்புக்குப் போக மாட்டான். பரமக்குடி பஸ் ஒன்றில் கிளீனராக இருந்து தொழில் பழகி, இப்போது தேவிபட்டினத்தில் அகமது கபீர் மரைக்காயரின் காரை ஓட்டுகிறான். மானாவாரிக் காட்டில் மிளகாய்ச் செடியோடு மல்லுக்கட்டுகிற சனத்துக்கு நடுவே கார் டிரைவர் மருமகன் என்றால் சும்மாவா? நயினார்கோவிலுக்கு இந்தப் பக்கம் பத்து ஊரில் யாருக்கும் அந்தப் பெருமை கிடையாது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாட்டுப்பொங்கலன்று அந்தக் காரை எடுத்துக்கொண்டு இருளாண்டி பெண் வீட்டுக்குக் கரும்பும் வாழைத்தாரும் கொண்டுவருகிற வரைக்கும்.

வரும்போது ஒழுங்காக வந்துவிட்டான். திரும்பிப் போகையில் கண்மாய்க்கரை ஏற்றத்தில் கார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. கொஞ்ச நேரம் பொறுத்தால் கிளம்பும், அரை பர்லாங் போகும், மறுபடி நிற்கும். கூத்தையாவும் அவருடைய பங்காளிகள் ஆறு பேரும் புது வேட்டியோடு இறங்கிப் பெரிய ரோடு வரைக்கும் தள்ளினார்கள். மாட்டுக்குப் போட மாலை கட்டி வைத்திருந்த கூத்தையாவின் மகள் பூமயில், அதில் ஒன்றை எடுத்துவந்து காரின் மூக்கில் மாட்டினாள்.

"இதையும் மாட்டுக் கணக்குலதான் சேக்கணும். அது சாணியாவது போடும்" என்றாள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். இருளாண்டியும் சிரித்தான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அவன் உறுதியாக முடிவுசெய்தது அந்த நேரத்தில்தான். கூத்தையா மட்டும் சிரிக்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பரிச நாளை உறுதிசெய்ய வந்த இருளாண்டியின் அம்மா இருளம்மாளிடம் அவர் பட்டென்று கேட்டுவிட்டார்.

"ஏம்மா, பொண்ணையும் குடுத்துட்டு தோளையும் குடுக்கணுமா?"

"என்னண்ணே, ஒரு நா வண்டி நின்டதுக்குப் போயி…"

"ஒரு நாளா? ராமநாதபுரம் சந்தைக்குப் போன சனமெல்லாம் வந்து சொல்லுது, ஒம் மகன் ஓட்டுற தூரத்த விடத் தள்ளுற தூரந்தான் சாஸ்தியாம். நான் பேச்சு மாற மாட்டேன். வார வெள்ளிக்கிழமை பரிசம்னா பரிசந்தான். அந்த வண்டி தள்ளாம எங்க வாசல்ல வந்து நிக்கட்டும், பத்தரை ராகுகாலத்துக்கு முன்ன தட்டு மாத்துவம். நிக்கலையா, விட்ருவம். ஓடாத வண்டிக்கு டைவருன்னா அது ஒரு பொழப்பா? நாளைக்கே மரைக்காயரு வண்டிய வித்துட்டாருன்னா எம்மக என்னத்தத் திங்கும்?"

வித்துவிடப் போகிறேன் என்று மரைக்காயரே வாரம் இரண்டு தடவை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

கபீர் மரைக்காயருக்குக் கடல் தெரியும், கார் தெரியாது. கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகள் இரண்டு வைத்திருந்தார். ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரன் ஒருவன் மதுரையில் விட்டுப்போன அந்தச் சின்னக் காரை ஆசைப்பட்டு வாங்கிவந்தார். உப்புக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியில் தோணிகளைக் கரையேற்றிக் கலப்பத்துப் போட்டார்கள். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தைச் சுறா எண்ணெயில் காய்ச்சி மேலே பூசிவிட்டால் ஒரு வருஷத்துக்குக் கடல் உள்ளே எட்டிப்பார்க்காது. அதில் ஒரு சட்டியைத் தனியாக ஒதுக்கி, மரைக்காயர் காருக்கும் பூசினார்.

பூசினார் என்றால் அப்படி இப்படி இல்லை. கூலியாள் செய்தால் சந்துபொந்தை விட்டுவிடுவான் என்று தானே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிட்டார். அடிவயிறு, சக்கரத்துக்கு மேலே, எஞ்சின் அறையின் சுவர் என்று ஒரு இடம் பாக்கியில்லை. "ஆணித்தலைக்கு அடியிலதாம்லே மொதல்ல துரு பிடிக்கும்" என்று சொல்லி, கைக்கு அகப்பட்ட திருகாணிகளையெல்லாம் கழற்றி, அடியில் பூசி, மறுபடி முடுக்கினார். இருளாண்டி சட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அதன்பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் கார் கீற்றுக்கொட்டகையிலேயே கிடந்தது. மார்கழியில் வெளியே எடுத்தபோது இந்த நோவும் கூடவே வந்தது.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார்கள். டேங்கைக் கழுவினார்கள். மரைக்காயரின் மனைவி குல்சும் லாத்தா, இது ஊர்க்கண்தான் என்று ஓதி ஊதிப் பார்த்தார். கடைசியில் ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருந்த சுஐபு, இது பம்பு வேலைதான் என்று சொன்னார். அந்தக் காரில் பெட்ரோலை டேங்கிலிருந்து இழுத்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பம்பு கரண்டில் ஓடுவது. சாவியைத் திருப்பினால் பல்லி சொல்வது மாதிரி டக்டக்கென்று அடிக்கும். சுஐபு அதைக் கழற்றி, பிரித்துத் துடைத்து, மேசைமேல் வைத்து, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்தார். பம்பு மேசையையே அதிரவைத்தது.

"பாத்தியா, என்னமா துள்ளுது. இதுல ஒரு கோளாறும் இல்ல" என்று சொல்லி மாட்டிக்கொடுத்தார்.

காரில் ஏறியதும் அது பழையபடி சொணங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. தை மாதத்துப் பனி மணலில் ஈரமாகக் கிடந்தது. இருளாண்டி காரைக் கழுவித் துடைத்து நிறுத்தினான். குல்சும் லாத்தா பரிசத்துக்கென்று ஒரு பெரிய சட்டி நிறையத் தொதல் அல்வா கிண்டி வைத்திருந்தார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து மணந்தது. காருக்குள்ளோ சுறா எண்ணெயும் குங்கிலியமும் சேர்ந்து வீசியது. பரிசத் தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு இருளம்மாள் குல்சும் லாத்தாவோடு பின்னால் ஏறினாள். மரைக்காயர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் ஏறினார்.

"பிஸ்மில்லா. ஏலே, பைய ஓட்டு. அது போற போக்குல விடு. போயி நின்டாப் போதும்."

"சரி மொதலாளி."

பையத்தான் ஓட்டினான். பைய ஓட்டினால் ஓடும், விரட்டினால் நிற்கும். அது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. ராமநாதபுரம் தாண்டியது. கண்மாய்களில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, வரப்பில் நாரைகள் நின்றன. மிளகாய்க் காடுகள் பூவும் பிஞ்சுமாக இருந்தன. இருளம்மாள் பின்னால் உட்கார்ந்து தெரிந்த சாமி பெயரையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"எந்தச் சாமியும் விட்டுப்போகலையே?" என்றார் குல்சும் லாத்தா.

"ஒங்க நாகூராரையும் சேத்துத்தான் கும்புட்டேன் லாத்தா."

"அப்ப சரி."

கூத்தையாவின் ஊருக்கு எட்டு மைல் இருக்கும்போது ஒரு பாலத்து ஏற்றம் வந்தது. கார் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

மரைக்காயர் பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஒன்பதேகால்.

"இந்த வண்டிய நாளைக்கே தலையச் சுத்தி எறிஞ்சுட்டு வில்லுவண்டி வாங்குறேன்" என்றார். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வெள்ளைக் கைலியை மடித்துக் கட்டினார். "வா, தள்ளுவம்."

மரைக்காயர் தள்ளக் கிளம்பியதைப் பார்த்ததும் இருளாண்டி குதித்து இறங்கி வழியை மறித்தான். அந்தக் கோலத்தில் தள்ளிக்கொண்டு பூமயிலின் வாசலில் போய் நிற்பதற்குப் போகாமலே இருந்துவிடலாம்.

"தள்ள வேணாம் மொதலாளி. இன்னைக்கித் தள்ளவே வேணாம். எங்கன கோளாறுன்னு பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்பேன்."

"ஒரு மாசமாப் பாக்காததயா இப்பப் பாக்கப் போற?"

"ஒரு மாசமாத் தள்ளத்தான செஞ்சம். எங்க பாத்தம்?"

மரைக்காயர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார்.

இருளாண்டி மூடியைத் தூக்கினான். சாவியைத் திருப்பினான். எஞ்சின் அறையின் பின்சுவரில் இருந்த பம்பு, டக் என்றது. கொஞ்ச நேரம் யோசித்தது. மறுபடி டக் என்றது. சுஐபுவின் மேசைமேல் அது போட்ட ஆட்டம் அவன் நினைவுக்கு வந்தது. பம்பு அதே பம்புதான். பேட்டரியும் நல்ல பேட்டரி. அங்கே துள்ளியது இங்கே சாகிறதென்றால், இதற்குச் சேர வேண்டிய கரண்டை நடுவழியில் யாரோ தின்கிறார்கள்.

பின்விளக்கின் பல்பைக் கழற்றி, அதற்கு இரண்டு துண்டு ஒயர் கட்டிக்கொண்டு வந்தான்.

"பகல்ல எதுக்குப்பா வெளக்கு?" என்றார் குல்சும் லாத்தா. அவரும் இறங்கி வந்துவிட்டார்.

"கரண்டு எவ்வளவு வருதுன்னு இது சொல்லிரும் லாத்தா. நெறையா வந்தா நல்லா எரியும், கொறையா வந்தா மங்கும்."

ஒரு ஒயரைப் பம்புக்குக் கரண்டு வந்து சேரும் இடத்தில் வைத்தான். மற்றதைச் சுவரில் தொட்டான். பல்பு எரியவில்லை. அழுத்தித் தேய்த்தும் எரியவில்லை.

"பாத்தியா, கரண்டே வரல" என்றார் மரைக்காயர் உட்கார்ந்த இடத்திலிருந்து.

"வராம பம்பு எப்படி மொதலாளி அடிக்கும்? ஏதோ வருதே."

ஒயரைச் சுவரிலிருந்து எடுத்து எஞ்சினின் வெற்று இரும்பில் வைத்தான். பல்பு பளீரென்று எரிந்தது. வெயிலிலேயே கண் கூசியது. இருளாண்டிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்து அதை எடுத்து, பம்பின் உடம்பிலேயே வைத்தான். எரிகிற மாதிரியும் இருந்தது, எரியாத மாதிரியும் இருந்தது.

"லாத்தா, இங்கன கொஞ்சம் மறைங்க."

குல்சும் லாத்தா தன் வெள்ளைத் துப்பட்டியை விரித்து எஞ்சின்மேல் பந்தல் மாதிரி பிடித்தார். இருளாண்டியும் இருளம்மாளும் அதற்குள் தலையை நுழைத்தார்கள். பொறுக்கமாட்டாமல் மரைக்காயரும் எழுந்துவந்து நுழைத்தார். நாலு தலைக்கும் நடுவில் பல்புக் கம்பி அணையப்போகும் ஊதுபத்தி அளவுக்குச் சிவந்திருந்தது.

"ஆத்தீ, மினுக்குது" என்றாள் இருளம்மாள்.

"பம்புக்குக் கெடைக்கிறது இம்புட்டுத்தான்மா. அரை வயித்துக் கஞ்சி. அத வச்சிக்கிட்டு அது எப்படிப் பெட்ரோல இழுக்கும்?" இருளாண்டியின் குரல் உயர்ந்துவிட்டது. "கரண்டு வாரதெல்லாம் சரியாத்தான் வருது. எஞ்சினத் தொட்டா எரியுதே! வந்த கரண்டு திரும்பிப் போகணும் மொதலாளி. பம்பு வழியாப் போயி, இந்தச் செவத்து இரும்பு வழியா பேட்டரிக்குத் திரும்பணும். அந்தத் திரும்புற வழிதான் அடைச்சுக் கெடக்கு."

மரைக்காயர் தாடியைத் தடவினார். "கொழும்புக்குப் போன தோணி திரும்பி வந்தாத்தான் அடுத்த நடை."

"அதே கணக்குத்தான்!"

"வார வழியில மணல்திட்டு விழுந்திருச்சுங்கிற."

"ஆமா மொதலாளி. எங்கன விழுந்திருக்குன்னு பாத்துருவம்."

பம்பிலிருந்து ஒரு குட்டை ஒயர் வந்து சுவரில் ஒரு திருகாணியில் முடிந்திருந்தது. அதைக் கழற்றினான். அடியில் தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி கெட்டியாக, ஒழுங்காகப் பூசி வைத்திருந்தது குங்கிலியம். சுவர் முழுக்க அதே பூச்சுதான், பல்பு சுவரில் எரியாததும் அதனால்தான். திருகாணியின் மரை எங்கோ ஒரு ஓரத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்த புண்ணியத்தில்தான் இத்தனை நாள் அந்தச் சொட்டுக் கரண்டும் போயிருக்கிறது.

அந்தத் திருகாணியைக் கழற்றியது யார், பூசியது யார், அப்போது என்ன பேசினார் என்பதெல்லாம் இருளாண்டியின் கண்முன்னால் நின்றது. பேசாமல் சுரண்டிவிட்டு, துரு ஏறியிருந்தது என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தான். நினைத்தது தப்பு என்று உடனேயே தோன்றியது. சொல்லாவிட்டால் அடுத்த ஐப்பசியில் மறுபடியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாரே!

"மொதலாளி, கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இது… அந்தக் கலப்பத்து."

மரைக்காயர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். மோந்துகூடப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் ஓடவில்லை. முதலில் சிரித்தது குல்சும் லாத்தாதான். துப்பட்டியை வாயில் பொத்திக்கொண்டு அவர் குலுங்கியதில் இருளம்மாளுக்கும் பற்றிக்கொண்டது.

"தண்ணிதான் நுழையாதுன்னீங்க. கரண்டும் நுழையலையே!" என்றார் குல்சும் லாத்தா.

"சிரி, நல்லாச் சிரி" என்றார் மரைக்காயர். அவருக்கும் உதட்டோரம் துடித்தது. "எம் பூச்சு எப்படி இருக்குன்னு பாத்தியா? மூணு மாசமா ஒரு பொட்டு வெடிப்பு இல்ல. ஏலே, எந்திரி. பூசுனது நான், நானே சொரண்டுறேன்."

இருளம்மாள் மடிப்பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துக் கொடுத்தாள். மரைக்காயர் வேர்க்க வேர்க்கச் சுரண்டினார். அவர் பூசிய பூச்சு லேசில் விடுமா? கடைசியில் வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்தது. ஒயரின் நுனியையும் துலக்கி, திருகாணியை இறுக முடுக்கிவிட்டு, இருளாண்டி சாவியைத் திருப்பினான்.

டக்டக்டக்டக் என்று பம்பு பொரிந்து தள்ளியது. எஞ்சினுக்குப் பெட்ரோல் நிறைந்ததும் தானே நின்றது.

"அல்ஹம்துலில்லா!" என்றார் மரைக்காயர். இருளாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் தாங்காமல் அவன் அந்தப் பம்பைக் கையால் தட்டிக்கொடுத்தான்.

கடிகாரம் பத்து இருபது காட்டியது. எட்டு மைலில் பாதிக்குமேல் வண்டிப்பாதை. விரட்டினான். கார் ஒரு இடத்தில்கூட இருமவில்லை. ஆனாலும் அவர்கள் போய் நின்றபோது மணி பத்தே முக்கால். ராகுகாலம் முந்திக்கொண்டுவிட்டது.

கூத்தையா வாசலில் பங்காளிகளோடு நின்றார். உள்ளேயிருந்து கருப்பட்டிப் பணியாரத்தின் வாசம் வந்துகொண்டிருந்தது.

"வாங்க மரைக்காயரே, வாங்க லாத்தா. சாப்பிடுங்க, இருங்க. அது வேற" என்றார் கூத்தையா. "எங்கன வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தீக?"

"தள்ளல" என்றான் இருளாண்டி.

"பெறகு ஏன்ப்பா நேரம் போச்சு? நின்டுச்சா இல்லையா?"

"நின்டுச்சு. ஆனா…"

"நின்டுருச்சுல்ல? நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

மரைக்காயர் முன்னால் வந்தார். பங்காளிகள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"கூத்தையா, வண்டி நின்டதுக்கு இவன் காரணமில்ல. வண்டியும் காரணமில்ல. நாந்தான் காரணம். தோணிக்குப் பூசுறாப்பல இதுக்கும் குங்கிலியத்தப் பூசி, கரண்டு போற வழிய அடைச்சுப்புட்டேன். பட்டறைக்காரனுக்கே பிடிபடல. இவன் நடுரோட்டுல ஒரு பல்ப வச்சுக் கண்டுபிடிச்சான். இத்தன நாளா ஊரே இவனப் பாத்துச் சிரிச்சுச்சு. சிரிக்கணும்னா என்னப் பாத்துச் சிரிங்க. இந்த வண்டிய நான் விக்க மாட்டேன். இவன் இல்லாம இது ஓடவும் ஓடாது."

ஊர் முன்னால் அவர் அப்படிச் சொல்லுவார் என்று இருளாண்டி எதிர்பார்க்கவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏறெடுத்துப் பார்த்தால் அழுதுவிடுவான்.

கூத்தையா இடது தோளை ஒரு தடவை உருட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பெரிய மனுசர் வார்த்த. நான் நம்புறேன். இந்தத் தோளு நம்ப மாட்டேங்குதே."

"தோளு நம்பாட்டி கண்ணு நம்பட்டும்யா." கதவுக்குப் பின்னாலிருந்து பூமயிலின் குரல் வந்தது. குரலோடு அவளும் வந்துவிட்டாள், கையில் பணியாரத் தட்டோடு. "பரிசத்துக்குத்தான் ராகுகாலம் ஆகாது. வண்டி ஓட்டிப் பாக்குறதுக்கு என்ன? ஏறி, கண்மாய்க்கரை வரைக்கும் ஒரு சுத்துப் போயிட்டு வாங்க. வந்து சாப்பிட்டு எந்திரிக்கவும் பன்னெண்டு மணி ஆயிரும். ஓடுனா தட்ட மாத்துங்க."

"ஏத்தா, நீ என்ன நடுவுல…" என்றார் கூத்தையா. ஆனால் பங்காளிகள் எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். அவர்களுக்கும் தோள் இருந்தது.

கூத்தையா முன்னால் ஏறினார். மரைக்காயர் பின்னால் ஏறினார். பூமயில் பணியாரத்தை மரைக்காயருக்குக் கொடுக்கிற சாக்கில் டிரைவர் பக்கம் வந்து, இருளாண்டிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "மெதுவா மட்டும் ஓட்டிராதீக."

இருளாண்டி காரைக் கிளப்பினான். ஊர் எல்லை தாண்டியது. கண்மாய்க்கரை ஏற்றம் எதிரே வந்தது. கூத்தையா பழக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இறங்குவதற்குத் தோதாகக் கதவுப் பிடியில் கையை வைத்தார். கார் ஏற்றத்தில் ஏறியது. உச்சிக்குப் போனது. நிற்கவில்லை. கரையின் நீளத்துக்கும் பறந்தது. தண்ணீரில் நின்ற நாரைகள் கும்பலாக எழுந்தன. கூத்தையாவின் துண்டு காற்றில் கிளம்பிப் போய்விட்டது. கதவுப் பிடியில் இருந்த கையை எடுத்து அவர் இருளாண்டியின் முழங்கையை இறுகப் பிடித்தார்.

"ஏப்பா… ஏப்பா டைவரு…"

எதிரே கரை முடிந்து கிடுகிடுவென்று இறக்கம் வந்தது.

"மாப்பிள்ளை! மெதுவாப் போங்க மாப்பிள்ளை!"

பின்னால் மரைக்காயர் வாயில் பணியாரத்தோடு சிரித்துப் புரையேறினார். இருளாண்டிக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும், இன்னொரு தடவை சொல்லட்டும் என்று அவன் காலை எடுக்கவே இல்லை.